ஸ்னோமொபைலில் ஊர் விட்டு ஊர்: இரவு தங்க மனசார வரவேற்கும் இடங்கள் எவை?

செங்காங்வாசி:

வணக்கம். வரும் மார்ச் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓட்டும் மோட்டார் வண்டியில், பயணம் போகத் திட்டம். நான், மனைவி, 18 முடிந்த மகள், 10 வயது மகன், அப்புறம் என் அம்மா. ஒரே விடுதியில் தங்கி, தினமும் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிற மாதிரி வேண்டாம். காலையில் ஓரிடத்தில் கிளம்பி, காட்டிலும் உறைந்த ஏரியிலும் ஓட்டி, மாலையில் வேறோர் இடத்தில் போய் இறங்க வேண்டும், அதுதான் ஆசை.

போன குளிர்காலத்தில் ஒரு விடுதியில் தங்கினோம், பெயர் வேண்டாம். படத்தில் அரண்மனை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டரை, சமையலறையை மூடிவிட்டார்கள். நனைந்த கையுறைகளை எங்கே காயவைப்பது என்று கேட்டால் வரவேற்பில் இருந்தவர் தோளைக் குலுக்குகிறார். சைவம் சாப்பிடும் அம்மா அன்றைக்கு பிஸ்கட்டும் தண்ணீருமாகப் படுத்தார். அதிலிருந்து படத்தைப் பார்த்து முடிவெடுக்க மனமே வரவில்லை. எந்த நாடு, எந்தப் பகுதி, எப்படிப்பட்ட இடம் என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

இனாரிப் பிரியை:

அண்ணா, மார்ச் நடுப்பகுதி என்றால் யோசிக்கவே வேண்டாம், பின்லாந்தின் லாப்லாந்துதான். டிசம்பரில் அங்கே ஐவாலோ ஊர்ப் பக்கம் சூரியன் எழுவதே இல்லை, ஜனவரியில்தான் மறுபடி தலைகாட்டும். மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகிவிடும், பனி நல்ல ஆழத்தில் இருக்கும், ஏரிகள் கெட்டியாக உறைந்திருக்கும், வானம் தெளிந்தால் இரவில் துருவ ஒளியும் உண்டு. பின்லாந்துப் பள்ளிகளின் பனி விடுமுறை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பகுதி பகுதியாக வரும், அந்த வாரங்களில் அறை கிடைப்பது பெரும்பாடு. நம் விடுமுறை அதற்குப் பிறகு வருவது உங்களுக்குச் சாதகம். ஈஸ்டர் எந்த வாரம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் கூட்டம் வரும். சிங்கப்பூரிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஃபின்ஏர் நேராகப் போகிறது, அங்கிருந்து ஐவாலோவுக்கு உள்நாட்டு விமானம்.

நான் சொல்லும் பகுதி சாரிசெல்காவிலிருந்து இனாரி ஏரியைச் சுற்றி நெல்லிம் வரை. நெல்லிம் ஏரியின் கிழக்குப் பக்கம், ரஷ்ய எல்லைக்குக் கிட்டத்தில். இனாரி பின்லாந்தின் மூன்றாவது பெரிய ஏரி, 3,000க்கும் மேற்பட்ட தீவுகள். அதன் மேல் வண்டி ஓட்டும்போது ஒரு தீவைத் தாண்டினால் அடுத்த தீவு, வேறு ஒன்றுமே கண்ணில் படாது. இனாரி கிராமத்தில் சியிடா என்று, சாமி எனப்படும் அந்தப் பகுதிப் பழங்குடி மக்களின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்காகவே அங்கே ஓர் இரவு தங்கலாம்.

வரவேற்பு என்று கேட்டீர்களே, அதைப் பற்றி நிறையச் சொல்லலாம். லாப்லாந்தின் மரக்குடில்களில் உலர்த்தும் அலமாரி வைத்திருப்பது வழக்கம். உடை, கையுறை, காலணி உள்ளுறை எல்லாவற்றையும் அதில் தொங்கவிட்டால் காலையில் சூடாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும், ஆனால் மறுநாள் மைனஸ் 20இல் ஈரக் கையுறையோடு ஏறி உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த மைனஸ் 20 திறந்த தோலில் மைனஸ் 36 மாதிரி கடிக்கும். அதனால் கண்ணாடி இக்லூ, படுத்தபடி துருவ ஒளி என்று விளம்பரம் வரும்போது அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, உலர்த்தும் இடம் இருக்கிறதா, சானா என்கிற வெப்பக் குளியல் அறை இருக்கிறதா, இரவுச் சாப்பாடு எத்தனை மணி வரை என்று முதலில் கேளுங்கள். சாரிசெல்காவுக்குப் பக்கத்தில் கீலோபாவில் புகை சானாவும், அதை முடித்து ஓடிப்போய் முங்க பனித்துளைத் தண்ணீரும் உண்டு. என் அம்மா முங்கவில்லை, சானாவில் மட்டும் உட்கார்ந்தார், அன்றைக்கு மூட்டுவலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே காட்டுக்குள் பூட்டே இல்லாத பொதுக் குடில்கள் இருக்கின்றன. காசு கிடையாது, அடுப்பும் விறகும் இருக்கும். கடைசியாக வந்து சேர்ந்தவருக்கே அதிக உரிமை, முன்னால் வந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழிவழியாக வரும் வழக்கம். நிறுவனங்கள் கூட்டிப்போகும் குழுக்கள் அவற்றில் இரவு தங்கக் கூடாது, ஆகவே உங்களுக்கு அவை படுக்க அல்ல. ஆனால் விடுதி நடத்துகிறவர்களும் அதே ஊரில் வளர்ந்தவர்கள்தானே, குளிரில் வந்து நிற்பவரை அவர்கள் நடத்தும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரியும்.

தோ பாயோ ரைடர்:

லாப்லாந்து அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விடுதி விட்டு விடுதி போகும் பயணம் என்றால் என் மனசு கனடாவின் கியூபெக்கில்தான் இருக்கிறது. வேலைக்காக மாண்ட்ரியலில் இருந்தபோது குளிர்காலம் முழுக்க அதுதான் என் பொழுது. மாநிலம் முழுக்க 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள், அவற்றைப் பராமரிப்பவை உள்ளூர் ஸ்னோமொபைல் மன்றங்கள், பெரும்பாலும் தொண்டூழியர்கள். நெடுஞ்சாலை மாதிரி பாதைகளுக்கு எண், சந்திப்பில் பலகை, அதில் அடுத்த எரிபொருள், சாப்பாடு, படுக்கை எவ்வளவு தூரம் என்று போட்டிருக்கும். நவீன ஸ்னோமொபைலே அந்த மண்ணில் பிறந்ததுதான், வால்கூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூ என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆகவே அங்கே ஸ்னோமொபைலில் வருகிறவன் விசித்திரமான ஆள் இல்லை, எதிர்பார்க்கும் விருந்தாளி.

அதை எங்கே பார்க்கலாம் தெரியுமா? பாதை நேராக விடுதி வாசலுக்கே வரும். வாசலில் எரிபொருள் பம்பு, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், தலைக்கவசத்தைக் கழற்றியதும் மாட்ட வரிசையாகக் கொக்கிகள். சாப்பாட்டுக்கூடத்தில் பாதி பேர் தடித்த பனியுடையை இடுப்பு வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. காட்டுக்குள் மீன்பிடி, வேட்டை விடுதிகளாக இருப்பவை குளிர்காலத்தில் நமக்கு வீடு. ஒரு விடுதியில் பாட்டி ஒருவர், நாங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றதும் முந்தைய விடுதிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்போது கிளம்பினார்கள் என்று விசாரித்து, மகனை வண்டியோடு பாதைக்கு அனுப்பிவிட்டார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பனிப்பொழிவில் மெதுவாக வந்துகொண்டிருந்தோம். ஆனாலும் அந்த விளக்கு எதிரே வந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. எந்த இடம் நல்ல இடம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் வரவில்லை என்றால் தேடுவார்களா?

பகுதி என்றால் சாகெனே, லாக்-சான்-ழான். மோன்-வலான் மலைகளில் பனி கொட்டித் தீர்க்கும். மாண்ட்ரியலுக்குக் கிட்டே வேண்டுமானால் லனோடியேரில் சான்-மிஷெல்-தே-சான். அங்கே பழகியவர்கள் ஒரு நாளில் 200, 300 கிலோமீட்டர் சாதாரணமாகப் போவார்கள், குடும்பத்தோடு அது கூடாது, 100க்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேக வரம்பு 70. பாதை அனுமதிச் சீட்டும் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம், வாடகை வண்டியில் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஊர்ப் பட்டாணி சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், பன்றி எலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். பூட்டீன் என்கிற உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறு. மொச்சை மாதிரி அவரை வகையில் செய்து தருவதிலும் பன்றிக் கொழுப்பு. முன்கூட்டியே எழுதிச் சொல்லாவிட்டால் சிரமம்.

வெண்பனி:

ஜப்பானின் ஹொக்கைடோ கிட்டே இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அங்கே நான் ஓட்டியவை எல்லாம் குறித்த பாதைக்குள் ஒரு மணி நேரம் சுற்றி வருபவை. பயணத்துக்கு முன் அம்மாவுக்கும் பையனுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க நல்லது, நீங்கள் கேட்டதற்கு விடை இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஸ்னோ லாட்ஜ் அருமையான இடம், குளிர்காலத்தில் ஸ்னோமொபைலிலோ ஸ்னோகோச் என்கிற பனி வேனிலோதான் போகவே முடியும். ஆனால் பூங்காவின் பனிக்காலம் டிசம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவோடு முடிந்துவிடுகிறது, உங்கள் தேதிக்குச் சரிவராது. நார்வேயில் பொழுதுபோக்குக்கு ஸ்னோமொபைல் ஓட்டுவதைச் சட்டமே இறுக்கிப் பிடித்திருக்கிறது, குறித்த பாதைகளில் மட்டும்தான்.

செங்காங்வாசி:

ரொம்ப நன்றி, ஒவ்வொருவரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அந்தப் பாட்டி கதையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பையனுக்காகவும் விமானத் தூரத்துக்காகவும் இந்த முறை லாப்லாந்து என்று முடிவாகிறது. அக்கா, இரண்டு கேள்வி. பையனும் அம்மாவும் எப்படி வருவார்கள்? அம்மா பின்னால் உட்கார முடியுமா? இரண்டாவது சாப்பாடு, இங்கிருந்து என்னென்ன கொண்டுபோகலாம்?

இனாரிப் பிரியை:

பையன் வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் வருவான், ரெயின்டீர் தோலும் போர்வையும் போட்டு மூடிவிடுவார்கள். ஓட்ட 18 வயது, செல்லுபடியாகும் கார் லைசன்ஸ் இரண்டையும் வாடகை நிறுவனங்கள் கேட்கும், மகள் லைசன்ஸ் எடுத்துவிட்டாரா பாருங்கள். அம்மா பின்னிருக்கையில் உட்காரலாம், பிடியில்கூடச் சூடு வரும் வண்டிகள் உண்டு. ஆனால் நாள் முழுக்க வேண்டாம், மேடு பள்ளத்தில் முதுகு தாங்காது. பெட்டிகளை விடுதி விட்டு விடுதிக்கு வேனில் அனுப்ப ஏற்பாடு கேளுங்கள், முடியாத அன்றைக்கு அம்மா அதே வேனில் போய் உங்களுக்கு முன்னாலேயே சானாவைச் சூடுபண்ணச் சொல்லிவிடலாம். சாரிசெல்கா, இனாரி, நெல்லிம் மூன்றுக்கும் சாலை உண்டு, அதற்காகத்தான் அந்தப் பகுதியைச் சொன்னேன்.

சாப்பாடு: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, தயிர் மிளகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மீன் பரவாயில்லை, உங்களுக்கு நெத்திலி சம்பல் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தேக்காவில் எண்ணெயில் செய்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் வாங்கிப் போனால் போதும், சமையலறையோடு கூடிய குடிலாக எடுத்தால் சோறு வடிப்பது பெரிய வேலையில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி எங்கும் கிடைக்கும். கரேலியப் பை என்று ஒன்று, ரை மாவுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்டது, பாலும் வெண்ணெயும் சேரும், என் அம்மா தினமும் கேட்டு வாங்கினார். மேலே தடவித் தருவதில் முட்டை இருக்கும், வேண்டாம் என்றால் தனியாக வைப்பார்கள்.

புக்கிட் பாஞ்சாங் மாமா:

காப்பீட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருந்தாலும் மோட்டார் வண்டி ஓட்டுவதை விலக்கிவைத்திருப்பது உண்டு, ஸ்னோமொபைல் என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள், தெளிவாக இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி சேதமானால் நீங்கள் கட்ட வேண்டிய தொகை தனி, பல நூறு யூரோ வரும், அதைக் குறைக்க முன்பணமாகக் கொஞ்சம் கட்டும் வழி இருந்தால் கட்டிவிடுங்கள், மகள் புதிதாக ஓட்டுகிறார். கிளாஸ் 3 கார் லைசன்ஸோடு ஆட்டோமொபைல் சங்கத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துவிடுங்கள் தம்பி. குடித்துவிட்டு ஓட்டினால் காரைப் போலவே அங்கே குற்றம், சானா முடிந்து பியர் குடிப்பதென்றால் அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு.

தோ பாயோ ரைடர்:

லாப்லாந்துக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை, அடுத்த தடவை கியூபெக். பதிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு விடுதிக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். மாலை ஏழரைக்குப் பிறகு வந்தாலும் சூடான சாப்பாடு கிடைக்குமா, முட்டையும் மீனும் சேராத சைவம் என்ன கொடுப்பீர்கள், ஐந்து பேருடைய உடை காய இடம் இருக்கிறதா, பாதையிலிருந்து வாசல் எவ்வளவு தூரம், எரிபொருள் அங்கேயே உண்டா, தாமதமானால் யாரைக் கூப்பிடுவது. பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைவிட, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். சைவத்துக்கு "பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதினால் மறுபடி கேளுங்கள், என்ன பதார்த்தம் என்று பெயரோடு வரட்டும். அப்புறம் ஐந்து பேரின் உயரத்தையும் காலணி அளவையும் அதே கடிதத்தில் போட்டுவிடுங்கள், பையன் அளவில் பனியுடை எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது.