மறு: கல்தரைக் கறை – ‘போல்டிஸ்’ என்பதற்கு என்ன சொல்?

> ‘உறிஞ்சு பசை’ என்று வைத்துவிடலாமே?

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்குத் தமிழ் தேடுகிற இந்தப் ‘போல்டிஸ்’ (poultice), அதாவது கல்லுக்குள் இறங்கிய கறையை உறிஞ்சி எடுக்க மேலே அப்பிக் காயவிடும் குழைவு, பசையே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பசை என்றால் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதுவோ காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர வேண்டிய சமாசாரம்.

போன மாதம் எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் நல்லெண்ணெய்த் தூக்கு கவிழ்ந்துவிட்டது. வெளிர் சாம்பல் கிரானைட். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தோம். துடைத்தோம், சோப்புப் போட்டுத் தேய்த்தோம், மேலே வழவழப்பு போய்விட்டது, ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருப்பது போலக் கறுத்தே கிடந்தது. எண்ணெய் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டால் துணி அதைத் தொடவே தொடாது. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டேன். காயும்போதுதான் காரியமே நடக்கிறது: மேல்பக்கம் ஈரம் ஆவியாகப் போகப் போக, கல்லுக்குள் இருப்பது மாவுக்குள் ஏறி வருகிறது. முதல் தடவை பாதி போயிற்று, மூன்றாவது தடவைக்குப் பிறகு தேடினாலும் தெரியவில்லை.

இதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது: “என்னடா, கல்லுக்குப் பத்துப் போட்டிருக்கே?”

அவ்வளவுதான், சொல் கிடைத்துவிட்டது. பற்று. தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் போடுகிற அதே பற்று. ஆங்கிலச் சொல்லும் முதலில் வீக்கத்துக்கும் கட்டிக்கும் போடுகிற மருந்துக்கு இருந்து பிறகு கல்லுக்கு வந்ததுதான். மஞ்சள் படிந்த தாஜ்மகால் பளிங்குக்குத் தொல்லியல் துறை முல்தானி மட்டியை அப்பிக் காயவிட்டுக் கழுவுகிறதே, அதுவும் பற்றுதான். ‘மண் பூச்சு’ என்று எழுதினால் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது; பூச்சு இருப்பதற்காகப் போடுவது, பற்று எடுப்பதற்காகப் போடுவது.

> பற்று வரவுக் கணக்கு, நாட்டுப்பற்று என்று ஏற்கெனவே கூட்டம் அதிகம். மட்டக்களப்புப் பக்கம் கோறளைப்பற்று என்று ஊர்ப்பிரிவே இருக்கிறது. ‘கறைப்பற்று’ என்று சேர்த்துவிட்டால்?

கறைமேல் ஆசை என்று ஆகிவிடும், வேண்டாம். ‘கற்பற்று’ இன்னும் மோசம், வாசிக்கும்போது கற்பு வந்து நிற்கிறது. தனியாகப் ‘பற்று’, வினைக்குப் ‘பற்றுப் போடு’, போதும். “எண்ணெய்க் கறைக்குப் பற்றுப் போடவும்” என்று கையேட்டில் எழுதினால் யாரும் கணக்குப் புத்தகத்தைத் தேட மாட்டார்கள்.

> சரி, பளிங்கில் எலுமிச்சை சிந்தினால் வருகிற வெளிறலுக்கும் பற்றுத்தானா? பட்டியலில் அது ‘அமிலக் கறை’ என்று இருக்கிறது.

அந்தச் சொல்லை உடனே தூக்க வேண்டும். அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை, கல்லே கரைந்துபோன இடம் அது. பளிங்கு, கடப்பா, பளிங்குச் சில்லு போட்ட மொசைக் எல்லாம் சுண்ணாம்புக் குடும்பம். புளியோ எலுமிச்சையோ பட்டால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெருகு போய்விடும். கறை என்று சொன்னால் படிப்பவர் என்ன செய்வார்? போகவில்லையே என்று கழிப்பறை ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றுவார், உள்ளங்கை அளவு இருந்தது தாம்பாள அளவு ஆகும். சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: நிறம் மாறி மெருகு அப்படியே இருந்தால் கறை, நிறம் அவ்வளவாக மாறாமல் மெருகு மட்டும் போயிருந்தால் இது. தண்ணீர் தெளித்தால் மறையும், காய்ந்ததும் திரும்பி வரும். பாலிஷ் போடுவதைத் தவிர வழியில்லை.

இதற்கு ‘அரிதடம்’ என்று முன்மொழிகிறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, எனவே நடுவில் ‘த்’ போட்டு அரித்தடம் ஆக்க வேண்டாம். ‘அரிது’ என்று பிரித்துப் படிப்பார்களோ என்று சின்ன உறுத்தல் எனக்கே உண்டு. ‘அமிலத் தடம்’ நல்லது என்று பலர் சொன்னால் எதிர்க்க மாட்டேன், கறை மட்டும் கூடாது.

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.