ரத்தத்துல எல்லாம் நார்மல்னு திருப்பி அனுப்பப்பட்ட எம்எஸ்காரங்க இருக்கீங்களா?

காவிரிக்கரை:
எம்எஸ்னு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்போட உறை அழியுற நோய்) உறுதியானதெல்லாம் பிறகு. எனக்கு இன்னும் ஆறாதது அதுக்கு முந்தின ஒரு சாயங்காலம். இடது கால் மரத்துப்போய் பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். உடம்புல அழற்சி இருக்கான்னு பார்க்கிற ரத்த டெஸ்ட் இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் நார்மல். டாக்டர் அந்த எண்ணுக்கு அடியில பேனாவால கோடு போட்டு, "உடம்புல அழற்சியே இல்லம்மா, டென்ஷனைக் குறைங்க"ன்னார். படி இறங்குறேன், பின்னாடி வந்த ஒரு பொண்ணு "அக்கா, செருப்பு"ன்னு கூப்பிட்டா. திரும்பிப் பார்த்தா என் செருப்பு மேல்படியிலேயே கிடக்கு. கழன்றது தெரியல. வெறுங்காலோட சிமெண்டுல நிக்கிறது கூடத் தெரியல.

சிஆர்பி கல்லீரல் தயாரிக்கிற புரதம். எம்எஸ்ல அழற்சி நடக்கிறது மூளையிலும் தண்டுவடத்திலும். ரத்தத்துல தேடினா பெரும்பாலும் அகப்படாது. கடைசியில காடோலினியம்ங்கிற மருந்தை ஊசியில போட்டு எடுத்த எம்ஆர்ஐலதான் கழுத்துக்குக் கீழே அந்த அழற்சி பளிச்சுன்னு தெரிஞ்சுது. வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

தம்பிக்காக:
நடந்தது. தம்பிக்கு முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்தாங்க. அதுல எம்எஸ்க்கான எதிர்ப்புப் புரதக் கோடு இருக்கான்னு பார்க்கிற ஒலிகோகுளோனல் பேண்டு டெஸ்ட் இங்க கிடையாது, வெளி லேபுக்கு நீங்களே கொண்டுபோங்கன்னு குப்பியைக் கையில குடுத்துட்டாங்க. ஆட்டோல அதை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவு தெளிவா இருந்தது, இதுக்குள்ளயா வியாதி இருக்குன்னு. லேப் கவுண்டர்ல முதல் கேள்வியே "ரத்தம் எங்க சார்?"தான். பேண்டு நீருல மட்டும் தெரிஞ்சு ரத்தத்துல இல்லாம இருந்தாத்தான் அது நரம்பு மண்டலத்துக்குள்ளயே உண்டானதுன்னு அர்த்தமாம். ரெண்டையும் சேர்த்து அனுப்பணும்னு ஆஸ்பத்திரியில ஒருத்தரும் சொல்லல. திரும்ப ஓடினேன்.

பேண்டு இருந்தது. எம்ஆர்ஐல ஏற்கெனவே பல இடத்துல தழும்பு இருந்ததால, எம்எஸ்ஸை உறுதி பண்றதுக்கான 2017 மெக்டொனால்டு விதிப்படி ரெண்டாவது அட்டாக்குக்குக் காத்திருக்காம அப்பவே உறுதி பண்ணிட்டாங்க. பேண்டு இல்லேன்னா எம்எஸ் இல்லேன்னு யாரும் நிம்மதியாகிடாதீங்க. மேலைநாட்டு நோயாளிகள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு வர்றது, நம்ம ஆசியப் பக்கம் அவ்வளவு பேருக்கு வர்றதில்ல.

மதுரை மல்லி:
@காவிரிக்கரை, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனா சிஆர்பியால பிரயோஜனமே இல்லேன்னு புதுசா வர்றவங்க எடுத்துக்கக்கூடாது. அம்மாவுக்கு எம்எஸ் ரொம்ப வருஷமா இருக்கு. ஒருநாள் விடியக்காலை ரெண்டு காலும் எழும்பல. ரிலாப்ஸ்னே (நோய் திரும்பத் தாக்குறது) எல்லாரும் முடிவு பண்ணி, மெத்தில்பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு 1 கிராம் கலந்த பாட்டிலைத் தொங்கவிட்டாச்சு. சிஸ்டர் ட்ரிப்பைத் திறக்கப் போறாங்க. டியூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, வேகமா வந்து அவங்க கையைப் பிடிச்சு நிறுத்திச்சு. "சிஆர்பி 90க்கு மேல இருக்கு, முதல்ல யூரின் பாருங்க."

சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் ஏறினா, உறை போன நரம்புல சிக்னல் தடுமாறும். புது அட்டாக் மாதிரியே தெரியும், ஆனா அட்டாக் இல்ல. ஆன்டிபயாடிக் போட்டு காய்ச்சல் இறங்க இறங்க கால் வந்துடுச்சு. அம்மாவைக் காப்பாத்தினது நீங்க வேண்டாம்கிற அதே சிஆர்பிதான்.

காவிரிக்கரை:
வேண்டாம்னு நான் சொல்லவே இல்லயே மல்லி. எம்எஸ் இல்லேன்னு சொல்றதுக்கு அதைக் காட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

பெரியண்ணன்:
என் மனைவிக்கு எம்எஸ்க்காக அசாதயோபிரின்ங்கிற எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை குடுத்தாங்க. தலை வாரும்போது கத்தையா முடி சீப்போட வந்துடுச்சு. டெஸ்ட் பண்ணினா வெள்ளணு வெறும் 1,100தான்.

அதனால எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்த மாத்திரைக்கு முன்னாடி, அதை உடம்புல உடைக்கிற டிபிஎம்டி என்சைம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாருங்க. அது மந்தமா இருந்தா மருந்து உடம்புல தேங்கி எலும்பு மஜ்ஜையை அடிக்கும். சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா அந்த டெஸ்டை நம்பாதீங்க, அது ரத்தம் குடுத்தவரோட என்சைமையும் சேர்த்துக் காட்டும். அதோட விடாதீங்க, இதே மருந்தைச் சமாளிக்க உதவுற என்யுடிடி15 மரபணுவையும் கேளுங்க. மனைவிக்கு டிபிஎம்டி நல்லாத்தான் இருந்தது, மாட்டினது இதுலதான். ஆசியர்கள்ல பலருக்கு இப்படித்தான். டெரிஃப்ளூனமைடுங்கிற எம்எஸ் மாத்திரை எடுக்கிறவங்க முதல் ஆறு மாசம் மாசாமாசம் எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) பார்க்கணும். முடிக்குன்னு பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டா லேப்ல சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாக் காட்டும். இன்னொண்ணு, அடிபட்ட வீக்கத்துக்குக் குடுக்கிற என்சைம் மாத்திரையை எம்எஸ்க்கும் சாப்பிடச் சொல்லிச் சொந்தக்காரங்க வருவாங்க. ஐரோப்பாவுல அந்த வகை மாத்திரையை எம்எஸ் நோயாளிகளுக்குக் குடுத்தே ஆராய்ந்து, பலன் இல்லேன்னு 2005ல வெளியிட்டாங்க. என்சைம்னாலே நல்லதுன்னும் இல்ல, எம்எம்பி-9ங்கிற நம்ம உடம்போட சொந்த என்சைம்தான் மூளைக்குப் போற ரத்தக்குழாய்ச் சுவரை அரிச்சு, வெள்ளணுக்களை உள்ளே விடுற கூட்டத்துல ஒண்ணு. எம்எஸ்க்குப் போடுற இன்டர்ஃபெரான் ஊசி அதைக் குறைக்கும்.

ஸ்கார்பரோ அக்கா:
நான் இருக்கிறது கனடாவில. இங்கை எனக்கு என்எஃப்எல் எண்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்தவை. நரம்பு நார் சிதையேக்க ரத்தத்துக்குள்ள கசியிற புரதம். முடிவு வெள்ளி இரவு போனுக்கு வந்திட்டுது, சிவப்பு எழுத்தில. டொக்டர் கதைக்கிறது திங்கள். மகள் பக்கத்தில நித்திரை. போர்வைக்குள்ள போனை வைச்சு அந்த இலக்கத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தன். திங்கள் அவர் சொன்னார், வயசு கூடக் கூட அதுவும் கூடும், சிறுநீரகம் பழுதெண்டாலும் ஏறும், உங்கட பழைய அளவோட ஒப்பிட்டுத்தான் பாக்க வேணுமெண்டு. அந்த ரெண்டு இரவும் எனக்கு ஆரும் இதைச் சொல்லேல்லை.

காவிரிக்கரை:
அக்கா, படிக்கும்போதே நெஞ்சு அடைக்குது. பெரியண்ணா, எனக்கு டெரிஃப்ளூனமைடு ஆரம்பிக்கலாம்கிறாங்க. எஸ்ஜிபிடி தவிர வேற என்ன கேக்கணும்?

பெரியண்ணன்:
குழந்தை யோசனை இருந்தா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க தங்கச்சி. அந்த மருந்து கருவைப் பாதிக்கும். நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக 2 வருஷம் வரைக்கும் ஆகலாம். கொலஸ்டைரமின் குடுத்துச் சீக்கிரம் வெளியேத்த முடியும், ஆனா ரத்தத்துல அளவு இறங்கிடுச்சான்னு பார்த்து உறுதி பண்ணணும். டிபி (காசநோய்) இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.