கொழும்பு முகத்துவாரத்தில் ஒருவர் கேட்ட கேள்வி. கடலைப் படம் எடுக்கிற உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கடலோரன்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம், முகத்துவாரத்தில் வள்ளங்கள் கட்டுகிற பக்கம், மாலை ஆறு மணி இருக்கும். களனி ஆறு மழைத்தண்ணீரை அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகிற நாள், கடல் பாதி செம்மண் நிறம், பாதி சாம்பல். லென்ஸில் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, முப்பது செக்கன் திறந்து வைத்து ஒரு படம். அலையெல்லாம் பனிப்புகை மாதிரி விழுந்திருந்தது, எனக்கு நல்ல சந்தோஷம்.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்து பின்னால் நின்றார். "காட்டுங்கோ தம்பி." காட்டினேன். நைலோன் நூல் அறுத்த தழும்போடு ஒரு விரல், திரையில் படாமல் மேலாலேயே ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. "இதில கீழே ஒரு கல் இருக்கு. அலை அதில உடையும். அதைப் பாத்துத்தான் நாங்கள் வள்ளத்தைத் திருப்புறது. அந்த அலை எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் "இது குளம் தம்பி" என்றுவிட்டு, திரும்பிப் போய் வலையைக் கையில் எடுத்துக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றைக்குப் பிறகு அந்த ஃபில்டரை மாட்டும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது.

தெஹிவளை_லென்ஸ்

அவர் சொன்னதற்காக நீங்கள் ஃபில்டரைக் கழற்ற வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒரு செக்கனில் எடுத்தால் மட்டும் அது உண்மையான கடலா? அந்தரத்தில் நிற்கிற துளியை எந்தக் கண் பார்த்திருக்கிறது? முப்பது செக்கனும் கடல்தான், அவருக்குத் தேவையான கடல் இல்லை, அவ்வளவே.

என்னுடையது சின்னக் கதை. கடற்கரையில் தண்டவாளத்துக்கும் பாறைக்கும் நடுவில் ட்ரைபாட். தென்மேற்குப் பருவக்காற்று, அலை இரைச்சலில் பின்னால் வந்த ரயில் எனக்குக் கேட்கவே இல்லை. யாரோ சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். ரயில் போய் முடிந்து பார்த்தால், கையில் தூண்டில், காலில் செருப்பு இல்லாத ஒரு பொடியன், பதினைந்து வயது இருக்கும். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவனும் நிற்கவில்லை.

புதிதாகக் கரைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை காற்றில் உப்பு பறக்கும். லென்ஸை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் துடையுங்கள். ட்ரைபாட் கால்களை நீட்டி, மூட்டு மூட்டாக, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பருவத்தில் பூட்டு இறுகிவிடும். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும், அரை மணி நேரம் முன்பே பைக்குள் வைத்து வெளியே வைத்துவிடுங்கள். கொழும்பு ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம், காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம் வேண்டும்.

கொழும்பு_06

பூஞ்சையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே. கடலோரன் கேட்டது வேறு.

எனக்கு 2021. மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் அமிழ்ந்த அந்த நாட்கள். கொரோனாப் பயணத்தடை, ஆனாலும் வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்தால் கரை. தூரத்தில் இருந்து பார்க்க அலை நுரை ஒதுங்கியது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, வெளிச்சமும் நன்றாக இருந்தது, எட்டுப் பத்துப் படம் எடுத்துவிட்டேன். கிட்டப் போனால் நுரை இல்லை. சவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் மணிகள். அந்தக் கப்பலில் 1,600 டன்னுக்கு மேல் இருந்ததாம். ஒரு அம்மா குனிந்து, மா அரிக்கிற அரிதட்டால் மணலை அரித்துக்கொண்டிருந்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிதட்டு. தனி ஆள், பக்கத்தில் ஒரு ஷொப்பிங் பை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மகன், அந்தப் பையைக் கொஞ்சம் விரிச்சுப் பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். அன்றைக்கு அவரைப் படம் எடுக்கவில்லை. நுரை என்று நினைத்து எடுத்த படங்கள் மட்டும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மிகவும் அழகாக இருக்கின்றன, அதனால்தான் யாருக்கும் காட்ட முடியவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்

தெஹிவளை லென்ஸ், நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் அந்தப் பெரியவருக்கு அது வேறொரு கடல் இல்லை. பிழைப்பே அந்த அலைதான்.

அப்பா 1978இல் காலிமுகத்திடலில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. போன வருடம் அவர் கனடாவில் இருந்து வந்தபோது அதே இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். வடக்குப் பக்கம் முழுக்க இப்போது துறைமுக நகரம், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேர். ஜூனில் சூரியன் வடமேற்குப் பக்கம் சாய்ந்துதான் இறங்கும். அப்பா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிவானம் இங்க இருந்து தொடங்கினது" என்று சொல்லிக் கையை இடதுபக்கம் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். தண்ணீர் தொடங்குகிற இடம் வந்ததும் கை நின்றது. இறால் வடை வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். படத்தில் நான் எடுத்ததெல்லாம் அந்தக் கையைத்தான்.

கடலோரன்

எல்லோருக்கும் நன்றி. கொழும்பு 06, அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.

நேற்று ஃபில்டர் இல்லாமல் எடுத்த ஒன்றை அச்சுப் போட்டுக்கொண்டு முகத்துவாரம் போனேன். கல்லில் அலை உடைகிற நேரம், நன்றாகத் தெரிகிறது. பெரியவர் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். பக்கத்து வள்ளத்துக்காரர் படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "ஓம், இதுதான் அந்தக் கல்லு" என்றார். அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.