ஓடைக்கரைத் தெரு குழு: மழைக்கு மறுநாள்

*கடைசி வீட்டு அக்கா, காலை 6:42*
(படம்)
எல்லோரும் பாருங்கள். இரவு மழையில் ஓடை வளைவுப் பக்கம் கரை சரிந்துவிட்டது. போன மாதம் நட்ட நாணலில் பாதி போய்விட்டது.

*மூலை வீட்டு அண்ணன், 6:50*
மனசே சரியில்லை அம்மா. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பச் சொல்லி மனுக் கொடுப்போம். நட்டு நட்டுத் தண்ணீரோடு விடவா இவ்வளவு பாடுபடுகிறோம்?

*கடைசி வீட்டு அக்கா, 6:58*
அண்ணா, முட்டளவு சேற்றில் நின்று நட்டது நீங்கள்தான், வருத்தம் இருக்கும். ஆனால் சுவர் வந்தால் தண்ணீர் இன்னும் வேகமெடுக்கும். நம் கரை தப்பும், பாலத்துக்குக் கீழே இருப்பவர்கள் கரை போகும்.

கரையில் குற்றம் இல்லை. முன்பு பெய்த மழையில் பெரும்பகுதி மண்ணில் இறங்கி, நாள்கணக்கில் கசிந்து ஓடைக்கு வந்தது. இப்போது கூரை, சிமெண்ட் முற்றம், தார்ச்சாலை. பெய்த சூட்டோடு மொத்தமும் வந்து மோதுகிறது. அதனால்தான் மழையில் வெள்ளம், மழை நின்றால் ஓடை காய்கிறது.

*மாடி வீட்டுத் தம்பி, 7:05*
கணக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். கூரை 100 சதுர மீட்டர், மழை 40 மி.மீ. என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு 4,000 லிட்டர். நம் தெருவில் 60 வீடு. 2,40,000 லிட்டர்! சாலையைச் சேர்க்கவே இல்லை. எல்லாம் ஒரே குழாயில் வந்து அந்த வளைவில்தான் விழுகிறது.

*மூலை வீட்டு அண்ணன், 7:09*
இவ்வளவா?
ஆனால் தென் கொரியாவில் சியோல் நகரத்து ஓடையைப் பார்த்தீர்களா, சுவர் கட்டித்தானே அவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்?

*வாத்தியார் ஐயா, 7:21*
சியோங்கியேச்சியோன். 2003 முதல் 2005 வரை, மேலே இருந்த மேம்பாலச் சாலையை இடித்து, ஏறக்குறைய 5.8 கி.மீ. ஓடையை வெளியே கொண்டுவந்தார்கள். பெரிய காரியம். ஆனால் அங்கே ஓடும் நீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. சுற்றியுள்ள நிலம் முழுக்க மூடிக்கிடப்பதால் ஓடைக்குச் சொந்த நீர் போதவில்லை. நாம் மோட்டாருக்கு எங்கே போவது? நம் ஓடைக்கு நீர் நம் மண்ணிலிருந்துதான் வர வேண்டும்.

*மாடி வீட்டுத் தம்பி, 7:30*
(படம்)
இது ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடையிலிருந்து வெள்ளைத் தட்டில் எடுத்தது. குழாய் விழும் இடத்தில் வெறும் சிவப்புப் புழு. மேலே மர நிழலில் எடுத்ததில் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம், வாலில் மூன்று இழை.

*பச்சை கேட் அம்மா, 7:34*
ஐயோ, அந்தச் சிவப்புப் புழு கொசுவாகுமா தம்பி?

*மாடி வீட்டுத் தம்பி, 7:37*
இல்லை அம்மா, அது கடிக்காத ஒரு வகைச் சிறு ஈ. அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். அது மட்டுமே இருந்தால் தண்ணீருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். மேஃப்ளை அழுக்கு நீரில் தாங்காது. அது மேலே இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். குழாயைச் சரிசெய்தால் கீழேயும் வரும்.

*பச்சை கேட் அம்மா, 7:49*
ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது தூரிகை கழுவிய தண்ணீரை வாசல் கம்பி வடிகாலில் ஊற்றினோம். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என்னை மன்னியுங்கள்.

*கடைசி வீட்டு அக்கா, 7:53*
அம்மா, இதைச் சொன்னதே பெரிய உதவி. நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது மழைநீர் வடிகால், நேரே ஓடைக்குத்தான் போகிறது, நடுவில் வடிகட்டி எதுவும் கிடையாது. கார் கழுவும் நுரையும் அப்படியே. நீரில் கரையும் பெயிண்ட் என்றால் தூரிகையைக் குளியலறையில் கழுவுங்கள், அது சாக்கடைக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். ஒவ்வொரு வடிகாலிலும் ‘இது ஓடைக்குப் போகிறது’ என்று எழுதி வைப்போமா?

*பச்சை கேட் அம்மா, 7:55*
அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

*மூலை வீட்டு அண்ணன், 8:10*
சரி, சுவரை விடுங்கள். என் கூரைக் குழாயிலிருந்தே ஆரம்பிக்கலாம், அந்தத் தண்ணீரைக் குழியில் விட்டு மண்ணில் இறக்குவோம். எவ்வளவு தள்ளிக் குழி வெட்ட வேண்டும்?

*வாத்தியார் ஐயா, 8:16*
வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி. ஆழம் வேண்டாம், அகலமாக இருக்கட்டும், உள்ளே செடி நடலாம். முதலில் ஒரு சிறு குழியில் நீர் ஊற்றிப் பாருங்கள், ஒரு நாளில் இறங்கிவிட வேண்டும். அப்படி இறங்கினால் கொசு பயம் இல்லை, முட்டை கொசுவாக ஒரு வாரம் பிடிக்கும்.

*கடைசி வீட்டு அக்கா, 8:20*
கரைச் சரிவைச் செங்குத்தாக விடாமல் சாய்த்து, தென்னை நார்ப் பாய் விரித்து மறுபடி நடலாம். வேர் பிடிக்கும்வரை பாய் மண்ணைத் தாங்கும். மேல் தெருக் குழுவில் யாருக்காவது பழக்கம் உண்டா? தண்ணீரில் பாதி அங்கிருந்துதான் வருகிறது, அவர்கள் இல்லாமல் நம் நாணல் நிற்காது.

*மாடி வீட்டுத் தம்பி, 8:22*
என் அத்தை அங்கேதான் இருக்கிறார். கணக்கோடு இன்றே போய்ப் பேசுகிறேன்.

*மூலை வீட்டு அண்ணன், 8:25*
ஞாயிறு காலை 6 மணி, என் வீட்டு முற்றம். மண்வெட்டி இரண்டு என்னிடம் இருக்கிறது, கடப்பாரை யாராவது கொண்டு வாருங்கள்.