பனியன் கம்பெனியில் ஊக்கத்தொகை: ஆளுக்கா, லைனுக்கா?

லைன் மேற்பார்வையாளர், திருப்பூர்
பீஸ் ரேட்டை, அதாவது அவரவர் தைத்த எண்ணிக்கைக்குக் கொடுக்கும் கூலியை நிறுத்திவிட்டு, லைனுக்கு (ஒரே ஆடையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் மிஷின் வரிசைக்கு) மொத்தமாக ஊக்கத்தொகை கொடுத்துப் பங்கிடலாமா என்று எங்கள் முதலாளி கேட்கிறார். கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. டி-ஷர்ட் ஒருவர் கையில் முடிவதில்லை. ஓவர்லாக் மிஷினில் தோள் இணைப்பவர் எண்ணிக்கைக்காக ஓட்டித் தள்ளுகிறார். கழுத்துப் பட்டி வைப்பவரிடம் கட்டுக்கட்டாகத் தேங்குகிறது. அவசரத்தில் விட்டுப்போன தையல் செக்கிங்கில்தான் தெரிகிறது. பிரித்துத் தைக்கும் நேரம் யார் கணக்கு?

ஓவர்லாக் டெய்லர்
வேண்டாம் சார். இந்தக் கை வேகம் பல வருட உழைப்பு. சனிக்கிழமை வாங்கும் கூலியில்தான் என் வீடு நடக்கிறது. பக்கத்து மிஷின்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் என் கூலி ஏன் குறைய வேண்டும்? தேக்கம் வருவது ஆட்களைச் சரியாக உட்கார வைக்காததால். அது உங்கள் வேலை. அதற்காக என் ரேட்டில் கை வைக்காதீர்கள்.

நொய்யல்கரை
அக்கா சொல்வதே சரி. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் 1913-இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனையில், ஆள் கூடக் கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைந்தது. நம் ரயில்வேயில் ஆளுக்கு ஆள் அளக்காமல் பொதுவாகக் கொடுக்கும் உற்பத்தித்திறன் போனஸ் 1979-80 முதல் இருக்கிறது. பல ஆண்டுகள் 78 நாள் சம்பளம் கொடுத்தார்கள். தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை எண்ணி யாரும் அன்றாட வேலையில் வேகம் கூட்டுவதில்லை.

லைன் மேற்பார்வையாளர்
ரயில்வேயில் லட்சக்கணக்கானவர்கள். நான் பேசுவது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற சிறு குழுவை. கலிஃபோர்னியாவின் நாபாவில் கோரெட் ஆடைத் தொழிற்சாலை 1990-களின் நடுவில் தனி பீஸ் ரேட்டிலிருந்து குழு பீஸ் ரேட்டுக்கு மாறியது. ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் கூடியிருந்தது. அதுவும் முதலில் குழுவில் சேர முன்வந்தவர்களில் கை வேகம் உள்ளவர்களே அதிகம். தேர்ந்தவர் பக்கத்தில் இருந்தால் மற்றவரும் கற்றுக்கொள்கிறார்.

ஓவர்லாக் டெய்லர்
அங்கே முதலில் விரும்பியவர்கள்தானே சேர்ந்தார்கள்? இங்கே எங்களைக் கேட்டீர்களா? புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தால் அன்று என் பீஸ் குறைகிறது, உண்மை. அந்த நேரத்துக்குக் கூலி போடுங்கள், சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். துணி வராமல் லைன் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

லைன் மேற்பார்வையாளர்
இப்போது வாங்கும் சராசரிக் கூலிக்குக் குறையாது என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறேன். குழுவை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு லைனில் மட்டும் பார்ப்போம்.

ஓவர்லாக் டெய்லர்
எழுத்தில் வரட்டும், பிறகு பேசுவோம்.

கைமடி
டெய்லர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஷிப்ட் சம்பளத்தில் இருக்கிறேன். லைன் எவ்வளவு ஓடினாலும், கட்டுகளைக் கைக்குக் கை எடுத்துக்கொடுக்கும் எனக்கு ஒரு பைசா கூடுவதில்லை. லைன் ஊக்கத்தொகையில் கைமடிகளுக்கும் பங்கு உண்டு என்றால் நான் மேற்பார்வையாளர் அண்ணன் பக்கம். பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.