பள்ளிக்கூடத்தில் பேசிய பேச்சு, இன்னும் மறக்காதது

திருப்பூர் அம்மா:
பெற்றோர் கூட்டம் புதன்கிழமை காலை 11 மணிக்கு. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு மட்டும் கூலி வாங்கித் தைக்கிறவர்களுக்கு அது எந்த நேரம் என்று சொல்லத் தேவையில்லை. முந்தைய கூட்டங்களுக்குப் போகவில்லை, இதற்கு எப்படியோ பர்மிஷன் வாங்கிப் போனேன். "அக்கறை இருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க" என்று எல்லார் முன்னாலும் டீச்சர் சொன்னார். என் மகள் பாவாடை மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள், நிமிரவேயில்லை. அப்புறம் டீச்சர் சொன்ன மார்க் எதுவும் என் காதில் ஏறவில்லை.

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
அந்த டீச்சர் அப்படிப் பேசியது தப்புதான். ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். நோட்டே கொண்டுவராத ஒரு பையனின் அப்பாவை வரச்சொன்னேன். வந்ததும் வராததுமாக வகுப்பு வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றிவிட்டார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பையனைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "உங்க பையன் நல்லா படம் வரையறான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். அந்த மனுஷன் பெல்ட்டைத் திரும்ப மாட்டத் தெரியாமல் ஓட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நோட்டு விஷயத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கரூர்க்காரன்:
டீச்சர், மழுப்பினால் பையன் நோட்டு கொண்டுவருவானா? என் மகனுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்பதை இப்படித்தான் "நல்ல பையன்" என்று சொல்லிச் சொல்லியே மறைத்துவிட்டார்கள். சரி, திருப்பூர் அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லி அங்கே கேளுங்கள். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. வாயால் பேசிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

லோடுமேன் அப்பா:
திருப்பூர் அம்மா மனசு நொந்ததைச் சொன்னால் நீங்கள் மனு எழுதச் சொல்கிறீர்களே தம்பி. எங்கள் ஊரில் அந்தக் குழு கூடுவதே வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு. மகள் தொடர்ந்து லீவு போட்டபோது ஒரு டீச்சர் சாயந்திரம் வீட்டுக்கே வந்தார். தூளியில் கிடந்த சின்னவனை ஆட்டிக்கொண்டே, "இவனை யாரு பாத்துக்கறா?" என்று மட்டும் கேட்டார். மகள் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. மறுநாளே பால்வாடி அக்காவிடம் பேசி, அவனுக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார்.