மூல நோய்க் களிம்பு கட்டியைக் கரைக்குமா, வலியை மட்டும் மறைக்குமா?

கேள்வி:
மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிய களிம்பை நான்கு நாட்களாகத் தடவி வருகிறேன். தடவிய சில நிமிடங்களில் எரிச்சலும் அரிப்பும் அடங்கிவிடுகின்றன. ஆனால் விரலில் தட்டுப்படும் பட்டாணி அளவுக் கட்டி அப்படியே இருக்கிறது. சில மணி நேரத்தில் எரிச்சலும் திரும்பிவிடுகிறது. இந்தக் களிம்பு உண்மையில் என்னதான் செய்கிறது?

பதில் 1:
மருந்தாளுநராகப் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழாயின் பெயரைப் பார்க்காமல், அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். லிடோகெயின் அல்லது பிரமோக்ஸின் இருந்தால், அவை தோலிலுள்ள நரம்புகள் வலியைக் கடத்தாதபடி தற்காலிகமாக மரத்துப்போகச் செய்கின்றன. நீங்கள் சொல்லும் உடனடி நிம்மதி பெரும்பாலும் இதனால்தான். 0.25 சதவீத ஃபினைலெஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வீக்கம் சற்றுத் தணியும். ஆனால் அதன் வீரியம் குறைந்ததும் குழாய்கள் மறுபடி விரிந்துவிடும். 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் அழற்சியையும் அரிப்பையும் மெதுவாகக் குறைக்கும். துத்தநாக ஆக்சைடும் பெட்ரோலியம் ஜெல்லியும் புண்பட்ட தோலின்மேல் ஒரு படலமாகப் படிந்து, ஈரமும் மலமும் உரசாமல் காக்கின்றன. என்னைக் கேட்டால், பலருக்கு இந்தப் படலமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆசனவாய்க்குள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் பல்வரிசை போன்ற ஒரு கோடு உண்டு. வலியை உணரும் நரம்புகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே அந்தக் கோட்டுக்கு மேலே உண்டாகும் உள்மூலம் பொதுவாக வலிப்பதில்லை, அங்கே மரப்பு மருந்தால் பெரிய பயனும் இல்லை. உங்கள் கட்டி கோட்டுக்குக் கீழே உண்டாகும் வெளிமூலமாகவோ, அதனுள் இரத்தம் உறைந்ததாகவோ இருக்கலாம். உறைந்த இரத்தத்தை எந்தக் களிம்பும் கரைக்காது, உடலே வாரக்கணக்கில் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என் குழாயில் லிடோகெயினும் ஹைட்ரோகார்டிசோனும் இருக்கின்றன. எத்தனை நாள் தடவலாம்? எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு.

பதில் 1:
ஏழு நாட்களுக்கு மேல் நீங்களாகவே தொடர வேண்டாம். ஹைட்ரோகார்டிசோனை நீண்ட நாள் தடவினால் அந்த மெல்லிய தோல் மேலும் மெலிந்து, அரிப்பு கூடிவிடும். இரத்த அழுத்தம் இருப்பதால் ஃபினைலெஃப்ரின் கலந்த களிம்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். முக்கி முக்கி மலம் கழிக்கும் நிலை மாறாதவரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும் என்பதால், நார்ச்சத்தையும் தண்ணீரையும் கூட்டி, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்ந்துவிட்டு, ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகு களிம்பைத் தடவுங்கள். இரத்தம் கசிந்தால், மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு களிம்போடு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.